கண் ஒன்றா, இரண்டா?

மாறுகண் என்பது இரண்டு கண்களும் ஒரே நேரத்தில் ஒரே பொருளின் மேல் நிலைக்காத நிலை. ஒரு கண் பொருளைப் பார்த்து நிற்க, மற்றது மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ, மேலேயோ கீழேயோ விலகி நிற்கும். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. அவற்றை மூன்று நரம்புகள் இயக்குகின்றன. இரு பக்கத்துப் பன்னிரண்டு தசைகளும் நொடிதோறும் இசைந்து நடந்தால்தான் பார்வை ஒரு புள்ளியில் கூடும். நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கு அது கூடுவதில்லை. மருத்துவர் இதைக் கோணத்தில் அளக்கிறார். தத்துவமோ இதே இடத்தில் வேறொரு கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறது: கண்கள் இரண்டு, தெரியும் உலகம் ஒன்று, அந்த ஒருமை எங்கிருந்து வருகிறது? பார்வைப் புலன் ஒன்றா, இரண்டா?

இந்தக் கேள்வியின் வரலாற்றில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரியும் வரை அந்த மாவட்டத்துக்குள்தான் காஞ்சியும் ஸ்ரீபெரும்புதூரும் மதுராந்தகமும் மாமல்லபுரமும் இருந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானபோது காஞ்சி அதில் சேரவில்லை. ஆனால் சிந்தனையின் வரலாற்றில் இவை ஒரே நிலப்பகுதி. புலனறிவைப் பற்றி இந்தியாவில் நடந்த பெரிய வாதங்களில் கலந்துகொண்ட மூவரை இந்த வட்டாரத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மூவரும் ஒன்றா இரண்டா என்ற இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள்.

முதலாமவர் நியாய சூத்திரத்துக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர். பட்சிலசுவாமி என்றும் அவரை அழைப்பார்கள். ஹேமசந்திரரின் நிகண்டு அவருக்குத் திராமிளர் என்றொரு பெயரும் தருவதால், அவர் திராவிட நாட்டவர், காஞ்சிப் பக்கத்தவராக இருக்கலாம் என்று சதீஷ் சந்திர வித்யாபூஷண் கருதினார். இது ஊகமே. ஆனால் அவர் உரை எழுதிய வாதம் ஊகமல்ல, எழுத்தில் இருக்கிறது. நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத் தொடக்கத்தில் ஆன்மா உடலிலிருந்தும் புலன்களிலிருந்தும் வேறானது என்று நிறுவ வேண்டிய கட்டம். அதற்கு அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று கண்ணைப் பற்றியது. இடக்கண்ணால் பார்த்ததை வலக்கண்ணால் பார்க்கும்போது, முன்பு பார்த்தது இதுதான் என்று அடையாளம் காண்கிறோம். ஒரு கண் கண்டது மற்றக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் பின்னால் பார்ப்பவர் ஒருவர் இருந்தால்தான் இது நடக்கும்.

எதிர்வாதி விடுவதில்லை. கண் ஒன்றுதான், நடுவில் மூக்கெலும்பு நிற்பதால் இரண்டு போலத் தோன்றுகிறது என்கிறார். அப்படியானால் ஒரு கண் அழிந்தபின் மற்றது பார்ப்பது எப்படி என்று பதில் வருகிறது. மரத்தின் ஒரு கிளையை வெட்டினாலும் மரம் மரமாகவே நிற்கவில்லையா என்று எதிர்வாதி மீண்டும் கேட்கிறார். பிற்பாடு உரை எழுதிய உத்யோதகரர் இதில் வாத்ஸ்யாயனரோடு ஒத்துப்போகவில்லை. பார்வைப் புலன் ஒன்றே, அது இரண்டு இடங்களிலிருந்து இயங்குகிறது என்றார். ஒரே மரபுக்குள், ஒரே நூலின் இரண்டு உரைகளில், இந்தக் கேள்வி தீராமல் நின்றது. சோதனைச்சாலை இல்லாத காலத்தில் இதைவிடக் கூர்மையாக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. பார்வையின் ஒருமை கண்ணிலேயே இருக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் இருக்கிறதா என்பதுதான் இங்கே வழக்கு.

இரண்டாமவர் பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகர். காஞ்சிக்கு அருகே சிம்மவக்த்ரம் என்ற ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. அவருடைய 'ஆலம்பன பரீட்சை' மிகச் சிறிய நூல். அறிவுக்குப் பொருளாகத் தெரிவதும் அறிவை உண்டாக்குவதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு அவர் தரும் உவமை இரட்டை நிலா. கண்ணில் கோளாறு உள்ளவருக்கு இரண்டாவது நிலா தெரிகிறது. ஆனால் அந்தக் காட்சியை உண்டாக்கிய இரண்டாவது நிலா என்று வானத்தில் எதுவும் இல்லை.

இந்த உவமை பிறகு எல்லோருக்கும் பொதுச் சொத்தாயிற்று. ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் முன்னுரையிலேயே, ஒரே நிலா இரண்டு போலத் தெரிவதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அந்தப் பாஷ்யத்தின் நான்காம் அத்தியாயத்தில் அது இன்னொரு வேலையும் செய்கிறது. ஞானம் வந்தபின்னும் ஞானிக்கு உடலும் உலகமும் ஏன் தொடர்ந்து தெரிகின்றன என்ற கேள்விக்கு அங்கே பதில் தேட வேண்டியிருக்கிறது. நிலா ஒன்றுதான் என்று தெரிந்தவருக்கும் இரட்டை நிலாத் தோற்றம் சிறிது காலம் நீடிப்பது போல, பழைய வாசனையால் உலகத் தோற்றமும் நீடிக்கிறது என்பது அவர் விளக்கம்.

மூன்றாமவரான ராமானுஜர் இங்கேதான் குறுக்கிடுகிறார். ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்தவர் என்பது மரபு. குரு பெரிய நம்பியிடம் அவர் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சை பெற்றது இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மதுராந்தகத்தில், ஏரிகாத்த ராமர் கோயிலில். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில் இரட்டை நிலாவை அவர் எடுத்துக்கொள்ளும் விதம், அதுவரை அதைத் தொட்ட எவரையும்விடப் பொறுமையானது. விரலால் கண்ணை அழுத்தினாலோ திமிரம் என்னும் கண்நோய் வந்தாலோ கண்ணிலிருந்து செல்லும் ஒளிக்கதிர் இரண்டு ஓடைகளாகப் பிரிகிறது என்கிறார். ஒன்று நேராகச் சென்று நிலாவை அதன் இடத்தில் பற்றுகிறது. மற்றது சற்றே சாய்ந்து சென்று, முதலில் நிலாவுக்குப் பக்கத்து இடத்தைப் பற்றி, பிறகு நிலாவைப் பற்றுகிறது. பார்க்கும் கருவி உண்மையிலேயே இரண்டாகிவிட்டது. ஆகவே பார்வை இரண்டாக இருப்பதும் பொய்யல்ல. எந்த அறிவும் முழுப் பொய் அல்ல என்ற அவருடைய கொள்கைக்கு இந்தச் சாய்ந்த கதிர் ஒரு தூணாக நிற்கிறது.

அதைவிட முக்கியமானது சங்கரர் வழிவந்த அத்வைதிக்கு அவர் தந்த மறுப்பு. நிலா ஒன்றுதான் என்று தெரிந்தபின்னும் இரண்டு தெரிவதற்குக் காரணம், கண்ணில் உள்ள குறை உண்மையான குறை. அறிவு அதைத் தொடுவதே இல்லை. அறியாமைதான் மூலம், ஞானம் அதை வேரோடு அழித்துவிட்டது என்று சொல்பவருக்கு இந்த உவமை உதவாது. மூலம் போய்விட்டால் தோற்றமும் போக வேண்டும். இந்த வாதத்தில் யார் வென்றார் என்பதை அந்தந்த மரபினர் தீர்மானித்துக்கொள்ளட்டும். மாறுகண்ணைப் பொறுத்தவரை ராமானுஜர் சொன்னது அப்படியே சரி. நிலா ஒன்றுதான் என்ற அறிவால் எந்தக் கண்ணும் நேராவதில்லை.

அவர் சொன்ன பரிசோதனையை யாரும் செய்து பார்க்கலாம். மாசி மகப் பௌர்ணமியில் இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். அன்று கடலின் மேல் எழும் நிலவைப் பார்த்தபடி, ஒரு கண்ணின் கீழிமையோரம் விரலை வைத்து மெல்ல அழுத்தினால் நிலா பிளந்து, ஒன்று தன் இடத்தில் நிற்க மற்றது விலகி நகரும். அழுத்திய விரலை எடுக்காமல் இன்னொரு கையால் ஒரு கண்ணை மூடினால் உடனே ஒரே நிலா. இது செயற்கையாக உண்டாக்கிய மாறுகண். சர்க்கரை நோயால் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு செயலிழந்த பெரியவருக்கும் இதுவே நேர்கிறது. காலையில் எழுந்ததும் தெருவில் இரண்டு விளக்குக் கம்பங்கள். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்று. கண்புரை போல விழிக்குள்ளேயே கோளாறு இருந்தால் கதை வேறு. மற்றக் கண்ணை மூடினாலும் இரண்டு நிலாவும் போகாது. விரல் அழுத்தத்தையும் திமிரத்தையும் பழைய நூல்கள் ஒரே மூச்சில் சொல்கின்றன. இன்றைய கண் மருத்துவர் இரட்டைப் பார்வை என்று வருபவரிடம் முதலில் செய்வது இந்த இரண்டையும் பிரிப்பதுதான். அதற்கு ஒரு உள்ளங்கை போதும்.

ஆனால் இந்த வாதங்கள் அனைத்திலும் ஒருவர் விடுபட்டுப் போனார்: மாறுகண்ணோடு வளரும் குழந்தை. இரட்டை நிலா தெரிபவர், நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்து பிறகு கண் விலகியவர். சிறு வயதிலேயே கண் விலகிய குழந்தைக்கு நிலா இரண்டாகத் தெரிவதில்லை. ஒன்றுதான் தெரிகிறது. இந்த ஒருமை எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

1743-இல் பிரான்சில் புஃபோன், மாறுகண் உள்ள பலருக்கு ஒரு கண்ணின் பார்வை மற்றதைவிட மங்கலாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, நல்ல கண்ணை மூடி வைக்கச் சொன்னார். இன்றும் ஆஸ்பத்திரிகளில் நல்ல கண்ணின் மேல் ஒட்டுப் போட்டு அனுப்புவது அவர் சொன்ன வழிதான். 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் தன் இரட்டைப்படக் கருவியால், இரு கண்களும் சற்றே வேறுபட்ட படங்களைப் பெறுவதால்தான் ஆழம் தெரிகிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பெர்லினில் டீஃபன்பாக் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கண் தசையை வெட்டி விழியை நேராக்கினார். 1864-இல் நெதர்லாந்தின் டோன்டர்ஸ், தூரப்பார்வைக் குறைபாட்டுக்கும் உள்நோக்கிய மாறுகண்ணுக்கும் உள்ள தொடர்பை நிறுவியதும், கத்தியே இல்லாமல் கண்ணாடியால் நேராகும் மாறுகண்ணும் உண்டு என்பது தெளிவாயிற்று. 1903-இல் லண்டனின் கிளாட் வொர்த் எழுதிய நூல், குறை தசையில் இல்லை, இரு படங்களையும் ஒன்றாக இணைக்கும் திறனில் இருக்கிறது என்றது. நியாய மரபு கேட்ட கேள்வி மருத்துவத்துக்குள் நுழைந்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

விடை 1965-இல் ஹார்வர்டிலிருந்து வந்தது. டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் கண் தசை ஒன்றை வெட்டிச் செயற்கையாக மாறுகண்ணை உண்டாக்கி வளர்த்தார்கள். சாதாரணப் பூனையில் பார்வை மூளையின் செல்களில் சுமார் 80 விழுக்காடு இரு கண்களின் தூண்டலுக்கும் பதில் தந்தன. மாறுகண்ணோடு வளர்ந்த குட்டிகளில் அது சுமார் 20 விழுக்காடாகச் சரிந்திருந்தது. ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு கண்ணின் பக்கம் சேர்ந்துவிட்டது. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வாத்ஸ்யாயனருக்கும் உத்யோதகரருக்கும் இடையிலான வழக்கில் இந்த எண்கள் எதிர்பாராத சாட்சி. பார்வை ஒன்றாகவே பிறப்பதில்லை. இரண்டாகவே இருந்துவிடுவதும் இல்லை. மனிதக் குழந்தைக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் இரு கண்களும் சேர்ந்து ஆழத்தைக் காணும் திறன் அரும்புகிறது. அந்த நாட்களில் இரு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை அவற்றை ஒன்றாக்கப் பழகுகிறது. விலகிய கண்ணோடு வளர்ந்தால், குழப்பத்தைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் படத்தை ஒடுக்கிவிடுகிறது. ஒடுக்கப்பட்ட கண்ணில் புரையோ தழும்போ இருக்காது; ஆனாலும் பார்வை வளராது. சோம்பேறிக் கண் என்று மக்கள் சொல்வது இதைத்தான், அந்தக் கண் எந்தச் சோம்பலும் படவில்லை என்றாலும். சில குழந்தைகளின் மூளை இன்னொரு வழியும் காண்கிறது: விலகிய கண்ணின் ஓரத்துப் புள்ளி ஒன்றை மற்றக் கண்ணின் நடுப்புள்ளிக்கு ஜோடியாக்கி, கோணலையே நேராகக் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

தத்துவத்துக்கு இதில் ஒரு கடினமான செய்தி இருக்கிறது. இரட்டை நிலாவைப் பெரும்பாலான மரபுகள் பிழைக்கு எடுத்துக்காட்டாக வைத்தன. ஒற்றை நிலா சரியான அறிவு என்பதில் அவற்றுக்கு ஐயம் இல்லை. மாறுகண் குழந்தை காணும் ஒற்றை நிலாவோ ஒரு சாட்சியை வாயடைத்துப் பெற்றது. இரண்டும் கூடி ஒன்றாவது ஒரு வகை ஒருமை; ஒன்றை ஒடுக்கி மற்றதை மட்டும் கேட்பது இன்னொரு வகை. பார்ப்பவருக்கு உள்ளிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைப் பற்றிய சர்ச்சையும் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் கொணர்ந்த கங்கையா என்று ஒவ்வொரு தரப்பும் மற்றதை மறுத்து வந்தது. பல்லவர் வேண்டுமென்றே இரு பொருளும் படச் செதுக்கினார்கள் என்று பத்மா கைமால் 1994-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது மதிப்பு பெற்றது.

சமய வழக்கத்தில் கண்ணின் நேர்மைக்கு உள்ள இடமும் இங்கே சேர வேண்டியது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும், அதைச் சுற்றி இன்றும் உளி ஓசை கேட்கும் பட்டறைகளும் ஒரு விதியை மாற்றாமல் காக்கின்றன: வழிபாட்டுக்குரிய சிலையின் கண் கடைசியில்தான் திறக்கப்படும். உடல், ஆடை, அணி எல்லாம் முடிந்து, முகம் கண்ணில்லாமல் காத்திருக்கும். திரை மறைவில் ஸ்தபதி பொன்னூசியால் கருவிழியின் கோட்டை இட்டபின், சிலையின் பார்வையில் முதலில் படும்படி கண்ணாடியையும் கன்றோடு கூடிய பசுவையும் நிறுத்துவார்கள். இரண்டு கருவிழிகளும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் முகத்தின் அமைதி கலைந்துவிடும். வராகமிகிரரின் 'பிருகத் சம்ஹிதை' மேல்நோக்கிய கண்ணுள்ள படிமம் குருட்டுத்தன்மையைத் தரும், கீழ்நோக்கியது கவலையைத் தரும் என்று எச்சரிக்கிறது. கல்லில் கண்ணின் கோணலுக்கு இவ்வளவு அஞ்சிய மரபு, குழந்தையின் கண் கோணலை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுவது வருந்தத்தக்க முரண்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலானது. அதற்குச் சாத்திர ஆதாரம் தேடிப் போக வேண்டியதில்லை. பிள்ளையைத் தேற்றவும் ஊர்ப் பேச்சை அடக்கவும் பாட்டிமார் சொன்ன அன்பான வார்த்தையாகவே அது தொடங்கியிருக்கக்கூடும். அதே தெருவில் ஒன்றரைக் கண் என்ற கேலியும் உண்டு. வளர வளரச் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. மூக்குத்தண்டு அகன்று தட்டையாக உள்ள கைக்குழந்தைக்கு உள்மூலையின் வெள்ளை மறைந்து, கண் உள்ளே திரும்பியது போலத் தோன்றும். மூக்கு உயர்ந்ததும் தோற்றம் போய்விடும். அது மாறுகண்ணே அல்ல. இரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு டார்ச் விளக்கு போதும். முகத்துக்கு நேரே அதைப் பிடித்தால் ஒவ்வொரு கருவிழியிலும் ஒரு வெண்புள்ளி மின்னும். இரண்டு புள்ளிகளும் பாவையின் நடுவில் இருந்தால் கண் நேர். ஒன்று நடுவிலும் மற்றது ஓரத்திலும் இருந்தால், விலகிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஏழு பாகைக் கோணல். ஜெர்மனியின் ஹிர்ஷ்பெர்க் பெயரால் வழங்கும் இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகாது.

பக்தி மரபில் ஒற்றைக் கண் போதும் என்ற எண்ணம் இல்லை என்பதற்கு நாயன்மார் சுந்தரர் கதையே சாட்சி. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குப் பிரியேன் என்று தந்த வாக்கை மீறிப் புறப்பட்டதும் இரு கண்களும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் வந்தது. இவை மூன்றும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். இறைவனைக் காண ஒரு கண் வந்துவிட்டதே என்று அவர் நின்றுவிடவில்லை. திருவாரூரில் மற்றக் கண்ணும் வரும் வரை கேட்டுக்கொண்டே போனார். குழந்தையின் விலகிய கண்ணுக்காகவும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கண்ணுக்காக ஆய்வுலகம் என்ன கேட்டு வந்திருக்கிறது? மாறுகண் ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்பதைக் கணக்கெடுத்து வரைபடமாக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கின்றன. நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணி அறிவின் போக்கை அறியலாம் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டு வேர் ஒன்று உண்டு. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிக்குப் புள்ளியியலைக் கொண்டுவரும் 'லைப்ரமெட்ரி' என்ற துறையை 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் முன்மொழிந்தார். 1964-இல் யூஜின் கார்ஃபீல்டின் மேற்கோள் அட்டவணை வந்தது. இரண்டு கட்டுரைகளை மூன்றாவதொன்று சேர்த்து மேற்கோள் காட்டினால் அவை உறவுடையவை என்ற முறையை 1973-இல் அமெரிக்காவில் ஹென்றி ஸ்மாலும் சோவியத் நாட்டில் இரினா மர்ஷகோவாவும் தனித்தனியே வகுத்தார்கள். 2010 வாக்கில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'வாஸ்வியூவர்' என்ற மென்பொருள், ஆயிரக்கணக்கான கட்டுரைகளை வண்ண வட்டங்களாக வரைந்து தருகிறது. வட்டத்தின் அளவு ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைக் காட்டும். இரு வட்டங்களின் இடைவெளி அவற்றின் உறவைக் காட்டும்.

இந்த வரைபடங்களில் தெரியும் பொதுப் போக்கு இது. கட்டுரை எண்ணிக்கையில் அமெரிக்கா முன்னே நிற்கிறது. சீனாவின் பங்கு கடந்த சில ஆண்டுகளில் வேகமாக உயர்ந்திருக்கிறது. பழைய பெரும் வட்டம் அறுவைச் சிகிச்சை. 1980-இல் ஆலன் ஸ்காட் கண் தசையில் போட்டுலினம் நச்சை ஊசியாகச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டதும் அதன் அருகே ஒரு கிளை முளைத்தது. 1997-இல் அமெரிக்காவில் அமைந்த குழந்தைக் கண் நோய் ஆய்வுக் குழு பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து நடத்திய சோதனைகளால் சோம்பேறிக் கண் தனிப்பெரும் வட்டமாயிற்று. 2002-இல் அவர்கள், நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்குவதும் ஒட்டுப் போடுவதும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று காட்டினார்கள். அண்மையில் பெரிதாகும் வட்டங்கள் வேறு: இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டிச் சேர்ந்து பார்க்கப் பழக்கும் சிகிச்சை, மூளைப் படப்பிடிப்பு, ஒளிப்படத்திலிருந்து மாறுகண்ணைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு, நோயாளியின் வாழ்க்கைத் தரம்.

கடைசியாகச் சொன்னது மிகத் தாமதமாக வந்தது என்பது இந்தத் துறை வெட்கப்பட வேண்டிய விஷயம். மாறுகண் உள்ளவருக்குத் துணை கிடைப்பது கடினம் என்று திருமணத் தரகு நிறுவனத்தார் சொன்னதை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்தது 2008-இல். ஆறு வயதான பிள்ளைகளே மாறுகண் பிள்ளையைப் பிறந்தநாள் விழாவுக்கு அழைக்கத் தயங்குகிறார்கள் என்று அதே குழு 2011-இல் காட்டியது. செங்கல்பட்டுப் பக்கத்தில் பெண் பார்க்கும் வீட்டில் நடப்பதை அறிந்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மாறுகண் அறுவையை அழகுக்காகச் செய்வது என்று ஒதுக்கிவிடும் பழக்கத்துக்கு எதிராக வாதாட இந்தக் கட்டுரைகளாவது கையில் இருக்கின்றன.

வரைபடம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது தத்துவக் கேள்வியும்கூட. அது எழுதப்பட்டதை எண்ணுகிறது. அதிலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், தரவுத்தளம் சேர்த்துக்கொண்ட இதழ்களில் எழுதப்பட்டதை. எழுத்தில் வராத பணியோ நெடியது: சென்னையில் கண் ஆஸ்பத்திரி தொடங்கியது 1819-இல். 1965 முதல் இயங்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குக் கல்பாக்கத்துக் குப்பங்களிலிருந்தும் செய்யூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். புறநோயாளிச் சீட்டில் எழுதப்படும் கோண அளவு எந்த வரைபடத்திலும் ஒரு புள்ளியாவதில்லை. புஃபோன் அதில் அரிதாகவே வருகிறார். ராமானுஜர் வருவதே இல்லை. ஆயிரம் கட்டுரைகளை ஒரே படமாக்கும்போது வரைபடமும் தன் ஒருமையைச் சிலவற்றை ஒடுக்கித்தான் பெறுகிறது. சென்னையின் புகழ்பெற்ற கண் ஆஸ்பத்திரி ஒன்று 1978 முதல் சங்கரர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயருக்குரியவரும் இரட்டைப் பார்வையைப் பற்றி எழுதினார் என்பது கண் மருத்துவ நூல்களில் இடம்பெறத் தக்கது.

ஒடுக்கப்பட்ட கண்ணை மீட்க எது வரை முடியும் என்பதில் கருத்து மாறி வருகிறது. ஏழு, எட்டு வயதோடு கதவு மூடிவிடும் என்பதே நெடுங்காலப் பாடம். கைக்குழந்தைப் பருவத்திலிருந்து மாறுகண்ணோடு இருந்த அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரி, நடுத்தர வயதில் பயிற்சியால் ஆழம் காணும் பார்வையைப் பெற்றதை 2009-இல் நூலாக எழுதினார். பாடநூல் முடியாது என்றதை அவர் கண் கண்டது. ஆனால் அது அரிய நிகழ்வு. இரு கண்களையும் சேர்த்துப் பழக்கும் கணினி விளையாட்டு, 2016-இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில் பழைய ஒட்டை மிஞ்சவில்லை. ஆகவே நம்பிக்கைக்கு இடம் உண்டு என்றாலும் தாமதத்துக்கு இடம் இல்லை.

தமிழ்நாட்டில் பிள்ளைகளின் கண் பரிசோதனை பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் எழுத்து அட்டையை வைத்துத்தான் நடக்கிறது. எழுத்தைப் படித்துச் சொல்லும் வயது வரும்போது, ஒடுக்கல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இரு கண்களும் திறந்திருக்கையில் படிக்கச் சொன்னால் நல்ல கண் ஒன்றே முழு வரியையும் படித்துவிடும். குறை வெளியே வராது. டார்ச் வெளிச்சச் சோதனைக்குப் படிப்பறிவும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஆறு மாதக் குழந்தைக்குச் செய்யலாம். தடுப்பூசி போடும் நாளில் கிராமச் செவிலியரும், எடை பார்க்கும் நாளில் அங்கன்வாடிப் பணியாளரும் செய்யலாம். புள்ளி ஓரத்தில் விழுந்த குழந்தையைக் கண் மருத்துவரிடம் அனுப்பினால், முதலில் தூரப்பார்வைக் குறை இருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். இருந்தால் கண்ணாடி, பிறகு ஒட்டு, தேவைப்பட்டால் அறுவை. உள்ளே புரையோ கட்டியோ இருந்து அதனால் கண் விலகியிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.